5.2 மீட்டரை 4.15 ஆக்கியது: ஓர் உப்பள லாரியின் நிகழ்வு ஆய்வு

லாரியைக் குட்டையாக்கணும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கையால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். கேபினுக்குப் பின்னால் இங்கே வெட்டு, மூன்றரை அடியை எடு, அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒட்டு. இந்த வண்டிக்கும் அப்படித்தான் கேட்டார்கள். நாங்கள் இரண்டு ஆக்சிலுக்கும், அதாவது முன் பின் சக்கர அச்சுகளுக்கு, நடுவில் ஓர் இடத்திலும் வெட்டவில்லை. பின் ஆக்சிலை முன்னுக்கு நகர்த்தி, மிஞ்சிய வாலைத்தான் வெட்டினோம். ஏன் அப்படிச் செய்தோம், எங்கெல்லாம் வேலை இழுத்தது என்பதை முழுசாக எழுதுகிறேன்.

வண்டி, இரண்டு ஆக்சில் உள்ள பழைய நீள சேசிஸ் லாரி. மெக்கானிக்கல் பம்ப், எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. முதலில் சீமைக் கருவேலக் கரி மூட்டை ஏற்றி ஓடியது, கடைசிச் சில வருடம் மீன் பெட்டியும் ஐஸும். வாங்கியவர் கீழக்கரைக்காரர், வாலிநோக்கம் பக்கம் சொந்தமாக உப்பளம் வைத்திருக்கிறார். பாத்தியில் வாரிய உப்பை வரப்பு வழியாகக் கொண்டுவந்து மேட்டில் அம்பாரமாகக் குவிக்க அவருக்கு ஒரு வண்டி வேண்டும். பாத்தி வரப்பு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லாரி அகலத்துக்குக் கொஞ்சம் மேல், முனையில் செங்குத்தான திருப்பம், இரண்டு பக்கமும் சேறு. 5.2 மீட்டர் வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைப்பட்ட தூரம்) உள்ள வண்டி அந்த முனையில் ஒரே ஒடிப்பில் திரும்பவே திரும்பாது. முன் சக்கரம் 35 டிகிரி ஒடிகிறது என்று வைத்துக்கொண்டால், முன் ஆக்சிலின் நடு போடும் வட்டத்தின் ஆரம் வீல்பேஸை சைன் 35-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 9.07 மீட்டர். வீல்பேஸ் 4.15 ஆனால் அதே ஒடிப்பில் 7.24. அவருக்கு வேண்டியது இந்த 1.83 மீட்டர்தான்.

இரும்பைத் தொடுவதற்கு முன் காகித வேலை. இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள், சிலர் யோசிப்பதே இல்லை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வீல்பேஸ் ஆர்சியிலேயே பதிவாகும் விவரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. ஆக ரோட்டில் ஓடப் போகும் லாரிக்கு இந்த வேலையை நான் எடுப்பதில்லை. கம்பெனியே டிப்பருக்கென்று குட்டை சேசிஸ் விற்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். இந்த வண்டி உப்பள வேலிக்குள் மட்டுமே ஓடும். தொழிற்சாலை மாதிரி அடைத்த வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி மாற்றிய தனி வகை வண்டி, அந்தச் சட்டத்தின் 2(28) சொல்லும் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்குள் வராது. ஆனால் "உள்ளே மட்டும்தான் ஓட்டுவேன்" என்று வாயால் சொன்னால் பத்தாது. ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஆர்சியை ஒப்படைத்து, ரத்தான பிறகு கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார். கூடவே ஒரு கேள்வியும் வைத்திருந்தார்: அவருடைய பாத்திகளுக்கு நடுவே ஒரு பஞ்சாயத்து ரோடு போகிறது, அதைக் குறுக்கே கடக்கலாமா என்று. கூடாது. கடக்கும் தூரம் பத்தடியாக இருந்தாலும் அது பொது ரோடு. இந்தப் பக்கத்துப் பாத்திகளுக்கு மட்டும் இந்த வண்டி, அந்தப் பக்கத்துக்கு வேறு ஏற்பாடு என்று பேசி முடித்தோம்.

நடுவில் ஏன் வெட்டவில்லை

சேசிஸ் என்பது இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். நீளச் சட்டம் சி வடிவம். மேல் உதடும் கீழ் உதடும்தான் வளைவின் சுமையைத் தாங்குகின்றன, நடுத் தகடு அந்த இரண்டையும் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியில் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே கீழ் உதடு இழுவிசையிலேயே இருக்கும். கேபினுக்குப் பின்னால் வெட்டி ஒட்டினால் வெல்டிங் விழுவது சரியாக அந்த இடத்தில். வெல்டிங் நன்றாகவே இருந்தாலும் அதை ஒட்டிச் சூடேறிய பட்டை, பலம் கூட்டிய எஃகாக இருந்தால் தன் பதத்தை இழந்துவிடும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கில் வராமல் அதை ஒட்டிய அந்தப் பட்டையில்தான் வரும். வேறு வழியே இல்லாமல் வெட்டுகிறவர்கள் நேர்க்கோட்டில் வெட்டாமல் 45 டிகிரி சாய்வாகவோ இசட் வடிவிலோ வெட்டி, குறைந்த ஹைட்ரஜன் உள்ள 7018 வெல்டிங் ராடில் ஒட்டி, சமமாக அரைத்து, உள்ளே ஒரு லைனர், அதாவது பலத்துக்கு இன்னொரு தகடு, கொடுப்பார்கள். செய்யலாம். ஆனால் ராடை நன்றாகச் சூடுபடுத்தி ஈரம் போக்க வேண்டும், இங்கே ஐப்பசி கார்த்திகை காற்றில் ராடு பெட்டியைத் திறந்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே ஈரத்தை உறிஞ்சிவிடும். வண்டி வந்ததும் அந்த மாதங்களில்தான், பாத்தி எல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கி உப்பளத்தில் வேலை நின்ற பிறகுதானே முதலாளிகளுக்கு வண்டியைப் பட்டறையில் விட நேரம் கிடைக்கும்.

ஆக்சிலை நகர்த்தினால் நடுச் சட்டம் கம்பெனி கொடுத்தபடியே முழுசாக இருக்கும். இரண்டாவது லாபம் இந்த வண்டிக்கே உரியது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் எல்லாம் வால் பக்கமாகத்தான் வடிந்திருக்கிறது. சுத்தியால் தட்டிப் பார்த்தால் கேபின் பக்கம் 'டிங்' என்று பேசுகிற சட்டம் வாலில் 'தப்' என்கிறது. அரித்த பகுதி முழுவதும் வெட்டி எறியப்போகிற பகுதியாகவே அமைந்தது. கணக்குப்படி வாலில் 2.3 மீட்டர் போனது.

ஆக்சிலை எவ்வளவு நகர்த்துவது என்பதைத் துரு முடிவு செய்தது. முதலில் பேசியது 900 மில்லிமீட்டர். சட்டத்துக்குள்ளே ஒரு லைனர் சேனல் ரிவிட் அடித்து வைத்திருந்தார்கள், அது கேபினுக்குப் பின்னால் தொடங்கிப் பின் ஸ்பிரிங் வரை போகிறது. அந்த லைனருக்கும் சட்டத்துக்கும் இடையில் உப்பு ஈரம் புகுந்து, இரண்டு தகடும் சில இடங்களில் விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்து உப்பியிருந்தது. இரும்பு துருவானால் அதன் பருமன் ஆறு மடங்கு வரை பெருகும்; நடுவில் அடைபட்ட துரு ரிவிட்டையே இழுத்து நீட்டிவிடும். சாதாரண உப்பு 75 சதவீதக் காற்று ஈரத்துக்கு மேல் தானாகவே கரைந்து தண்ணீராகும், நம் கரையில் ராத்திரி ஈரம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிச்சம் நிற்கிற கசப்புத் தண்ணீர் இன்னும் மோசம், அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரத்திலேயே கசிய ஆரம்பிக்கும். அதாவது அது ஒட்டிய இரும்பு இந்த ஊரில் எந்த மாதத்திலும் காய்வதே கிடையாது. இனிமேல் இந்த வண்டி ஓடப்போவதும் அந்தத் தண்ணீருக்குள்தான்.

900 வைத்தால் பின் ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிடிக்கும் முன் ஹேங்கர் மிக மோசமாக உப்பிய இடத்தில் உட்காரும். அதோடு அந்த இடம் ஒரு குறுக்குச் சட்டத்திலிருந்து எட்ட இருந்தது. 1050 நகர்த்தினால் ஹேங்கருக்கு நேர் உள்ளே ஏற்கெனவே ஒரு குறுக்குச் சட்டம் கிடைக்கிறது, சட்டத்தின் இரும்பும் அங்கே முழுத் தடிமனாக இருந்தது. வெல்டர், "காக்கா, இன்னும் அரை அடி முன்னாடி போனா இரும்பு நல்லா இருக்கு, வண்டியும் இன்னும் லேசாத் திரும்பும்" என்றதும் முதலாளி உடனே தலையாட்டிவிட்டார். (கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்.) அவருக்குத் திரும்பினால் சரி. எனக்கு கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டை நினைத்துத்தான் யோசனை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய லைனரை முழுசாகக் கழற்றினோம். ரிவிட் தலையை கிரைண்டரில் சீவி, நடுவில் துளை போட்டு, பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்தோம். கேஸ் கட்டிங் இந்த வேலைக்குள் வரவே இல்லை, ஒரு ரிவிட்டுக்காகச் சட்டத்தைச் சிவக்கக் காய்ச்சுவதில் அர்த்தமில்லை. உள்பக்கத் துருவைச் சுரண்டி நல்ல தண்ணீரில் கழுவினோம். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். கடற்கரையில் பல கிணற்றுத் தண்ணீரே உப்பு, அதில் கழுவிக் காய வைத்துப் பெயிண்ட் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். குடிதண்ணீர் லாரியிடம் விலை கொடுத்து வாங்கித்தான் கழுவினோம். பிறகு துத்தநாகம் கலந்த பிரைமர். புது லைனரை மதுரையில் தகடு வாங்கி பிரஸ்ஸில் மடித்து வந்தோம், இரண்டு முனையையும் 45 டிகிரி சாய்த்து வெட்டி. முனை நேராக முடிந்தால் பலமான சட்டமும் பலமில்லாத சட்டமும் ஒரே கோட்டில் சந்திக்கும், அங்கேதான் விரிசல் தொடங்கும்.

துளையும் நேரும்

துளை போடுவதில் ஒரே விதிதான்: உதட்டில் துளை கிடையாது, உதட்டில் வெல்டிங்கும் கிடையாது. எல்லாம் நடுத் தகட்டில். பழைய ஹேங்கர் துளைகளை ஒரு மெல்லிய தகட்டில் படியெடுத்து, அதையே புது இடத்தில் வைத்துக் குறித்தோம். சற்றுக் குறைவாகத் துளைத்து, துளையைச் சீராக்கும் ரீமர் ஓட்டி, 10.9 கிரேடு போல்ட் இறுக்கமாக நுழையும்படி. தளர்வான துளையில் போல்ட் எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை, ஒவ்வொரு பிரேக்கிலும் ஹேங்கர் முன்னும் பின்னும் நகர்ந்து துளையை நீளமாக்கிவிடும்.

நகர்த்திய ஆக்சில் நேராக உட்கார்ந்ததா என்று பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். டேப்பை டயருக்கு டயர் பிடித்தால் போதாது. முன் ஸ்பிரிங்கை மாட்டும் ஆணியிலிருந்தும் பின் ஆக்சிலின் கூடான ஹவுசிங்கிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இடது வலது நீளத்தையும் மூலைக்கு மூலை அளவையும் தரையில் எடுத்தோம். இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டருக்குள் வரும்வரை விடவில்லை. ஒரு பக்கம் கூடினால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும், ஒரு லாரி அகல வரப்பில் அது விளையாட்டு இல்லை.

ஷாஃப்ட்

பழைய ஷாஃப்ட் இரண்டு துண்டு: கியர்பாக்ஸிலிருந்து, நடுவில் ஷாஃப்ட்டைத் தாங்கும் சென்டர் பேரிங் வரை ஏறத்தாழ 1.4 மீட்டர், அங்கிருந்து பின் ஹவுசிங் வரை 2 மீட்டர். எளிதான வழி, பின் துண்டில் 1.05 மீட்டரை அப்படியே வெட்டுவது. அப்படிச் செய்திருந்தால் பின் துண்டு 95 சென்டிமீட்டராகும். சென்டர் பேரிங்குக்கும், ஹவுசிங்கில் ஷாஃப்ட் போய்ச் சேரும் பினியனுக்கும் உயர வித்தியாசம் 15 சென்டிமீட்டர். 2 மீட்டர் நீளத்தில் அது 4.3 டிகிரி சாய்வு, 95 சென்டிமீட்டரில் 9 டிகிரி. ஸ்பிரிங் அமுங்கி எழும்பும் அசைவையும் சேர்த்தால் ஷாஃப்ட் மூட்டிலுள்ள கிராஸ் பேரிங் ஒரு சீசன் தாங்காது. அதனால் சென்டர் பேரிங்கை அதன் குறுக்குச் சட்டத்தோடு 55 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுபோய், முன் துண்டை 85 ஆக்கி, பின் துண்டில் 50 மட்டும் எடுத்தோம். பின் துண்டு ஒன்றரை மீட்டர், சாய்வு 5.7 டிகிரி. வீல்பேஸ் குறைத்த பல வண்டிகள் ஸ்டார்ட் எடுக்கும்போது உதறுவதற்குக் காரணம் சேசிஸ் கிடையாது, இந்தக் கணக்கை யாரும் போடாததுதான்.

இன்னொன்று ஃபேஸ், அதாவது ஷாஃப்ட்டின் இரண்டு முனையும் ஒரே வாக்கில் அமைவது. கிராஸ் ஜாயிண்ட் சாய்ந்து சுற்றும்போது ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். அடுத்த ஜாயிண்ட் அதே கோணத்தில் இருந்து, ஒரே துண்டின் இரண்டு நுகமும் (ஜாயிண்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். குழாயை வெட்டுவதற்கு முன் நீளவாக்கில் ஒரு கோடு கீறிவிட்டால் போதும், திரும்ப ஒட்டும்போது கோட்டோடு கோடு சேர்ந்துவிடும். ஷாஃப்ட்டை லேத்தில் ஏற்றி, டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்த்துத்தான் வெல்டிங். முதலாளி, "20 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டிக்கு பேலன்ஸ் எதுக்கு தம்பி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு, அந்த வேகத்தில் பேலன்ஸ் பெரிய விஷயமே இல்லை. ஆனால் முதல் கியரில் பாரத்தோடு சேற்றிலிருந்து ஏறும்போது ஷாஃப்ட் வாங்குகிற முறுக்கு நெடுஞ்சாலையில் வாங்குவதைவிட அதிகம், அதனால் நேரும் வெல்டிங்கும் விட்டுக்கொடுக்க முடியாது. மதுரைக் கடையில் வெல்டிங்கோடு பேலன்ஸும் சேர்த்தே செய்து கொடுத்துவிட்டார்கள்.

பாரம் எங்கே விழுகிறது

பாடியை அப்படியே விட்டுவிட்டு வீல்பேஸை மட்டும் குறைத்தால் என்ன ஆகும்? பழைய பாடி 22 அடி, முன் ஆக்சிலுக்கு 1.6 மீட்டர் பின்னால் தொடங்குகிறது. அதன் நடு முன் ஆக்சிலிலிருந்து 4.95 மீட்டரில். பின் ஆக்சில் 5.2-ல் இருந்தபோது பாரத்தின் நடு அதற்குக் கால் மீட்டர் முன்னால் விழுந்தது, சரி. ஆக்சில் 4.15-க்கு வந்ததும் அதே நடு 80 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். 7 டன் உப்பை ஏற்றினால் முன் ஆக்சிலிலிருந்து 1.35 டன் குறையும். ஸ்டீயரிங் சறுக்கும், வரப்பு ஏற்றத்தில் மூக்கு தூக்கும். அதனால் பாடியை 14 அடியாக்கினோம். இப்போது நடு பின் ஆக்சிலுக்கு 42 சென்டிமீட்டர் முன்னால், 7 டன்னில் முன் ஆக்சிலுக்கு 0.7 டன் கிடைக்கிறது. பின் ஆக்சிலைத் தாண்டி நீளும் பின் தொங்கல் 1.72 மீட்டர், வீல்பேஸில் 41 சதவீதம். ரோட்டு வண்டிக்கு விதி அனுமதிப்பது 60. பக்கப் பலகை இரண்டரை அடிக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டேன். உப்பு பார்க்கப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தாலும் ஒரு கன மீட்டர் ஒரு டன்னைத் தொடும், ஈர உப்பு அதற்கும் மேலே.

பிரேக்கிலும் இதே கணக்கு வரும். மொத்தம் 12 டன், பாரத்தின் உயரம் 1.4 மீட்டர், பலமாக மிதித்தால் புவியீர்ப்பில் பாதி அளவு வேகக் குறைவு என்று வைத்தால், முன்னால் பாயும் எடை பழைய வீல்பேஸில் 1.6 டன், இப்போது 2 டன். முன் ஸ்பிரிங்கின் தளர்ந்த பட்டைகளை மாற்றியதற்கு அதுதான் காரணம்.

மற்ற வேலைகள் எல்லாம் சில்லறை, ஆனால் நாளைத் தின்பவை. ஆக்சில்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடம் போனதால் டீசல் டேங்க், பேட்டரி, ஏர் டேங்க் மூன்றும் முட்டிக்கொண்டன. ஸ்டெப்னியைக் கேபினுக்குப் பின்னால் நிற்க வைத்தோம், பேட்டரி எதிர்ப் பக்கம் போனது. ஏர் பைப்பைச் சுருட்டி வைக்காமல் அளவாக வெட்டினோம், சுருளின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். ஒயரை நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கம் இந்தக் காற்றுக்கு ஆகாது, பச்சை பூத்துவிடும். மிச்ச நீளத்தை இழுத்துக் கேபினுக்குள் மடித்து வைத்தோம்.

ஓட்டிப் பார்த்ததில்

மாசி பிறந்து பாத்தி காய ஆரம்பித்ததும் வண்டி உள்ளே இறங்கியது. திரும்ப வேண்டிய முனையில் ஒரே ஒடிப்பில் திரும்புகிறது. முழு ஒடிப்பில் முன் டயர் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு போகும். ஸ்டீயரிங் கைகளின் கோணம் 5.2 மீட்டர் வீல்பேஸுக்கென்று அமைத்தது, 4.15-க்கு வெளிச் சக்கரம் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் குறைவாக ஒடிய வேண்டும், அது நடக்காது. தார் ரோட்டில் டயரைத் தின்னும், ஈர மண்ணில் பெரிதாகத் தெரியவில்லை. அதற்காகக் கைகளைக் காய்ச்சி வளைக்கிற வேலைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேடு பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடுவது கூடியிருக்கிறது, டிரைவர் முனகுகிறார், குட்டை வண்டி என்றால் அது உண்டு.

முதல் மாதம் முடிந்ததும் ஹேங்கர் போல்ட்டுகளை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தோம். சில போல்ட் கொஞ்சம் ஏறியது. இடுக்கில் இருந்த பிரைமர் அமுங்கி இறுக்கம் குறைந்திருந்தது. மறுபடி இறுக்கிக் கோடு போட்டு விட்டோம், அந்தக் கோடு பிறகு நகரவில்லை. லைனர் விளிம்பில் பூசிய சீலன்ட் ஓர் இடத்தில் உரிந்திருந்ததையும் சரி செய்தோம்.

இப்போது காக்காவுக்கு அடுத்த ஆசை, இதிலேயே ஹைட்ராலிக் டிப்பர் பொருத்தணும். கொட்டும்போது மொத்தப் பாரமும் வாலில் இருக்கிற கீல் மேல் விழும். பின் ஆக்சிலுக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் சட்டம் அந்தப் புள்ளிச் சுமைக்கென்று செய்ததில்லை, முழு நீளத்துக்கும் மேலே ஒரு துணைச் சட்டம் (சப்ஃபிரேம்) போட்டுத்தான் ஆகணும். அதற்கும் முன்னால் புது லைனருக்குள் ஈரம் புகுந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். ஐப்பசியில் உப்பளம் மூடியதும் வண்டியைக் கொண்டு வாருங்கள், ஒரு பக்கத்து லைனரைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் டிப்பரைப் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.